ப்ளக் ஏன் கறுத்துப்போகிறது? - வோல்ட், ஆம்பியர், ஓம்... நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கணக்கு!

"கரன்ட் போயிடுச்சு!"

"கரன்ட் கம்மியா வருது, ஃபேன் சுத்தவே மாட்டேங்குது."

"இந்த முறை கரன்ட் பில் ஏன் இவ்வளவு?"

"ஈரக் கையோட ஸ்விட்சைத் தொடாதே, கரன்ட் அடிக்கும்!"

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள்தாம். நான்கிலும் ஒரே சொல். ஆனால், நான்கிலும் பேசப்படும் விஷயம் ஒன்றல்ல. முதல் இரண்டில் நாம் சொல்ல வருவது வோல்டேஜ். மூன்றாவது, நாம் செலவழித்த மின்சாரத்தின் மொத்த அளவு; அதாவது யூனிட். நான்காவதில் மட்டும்தான் 'கரன்ட்' என்ற சொல் அதன் சரியான பொருளில் வருகிறது. அந்த ஒன்றுதான் உயிரோடு விளையாடுவது.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் கரன்ட் என்று சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் வாட்டர் ஹீட்டரின் ப்ளக் ஏன் கறுத்துப்போகிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன் உருகுகிறது, 'எம்.சி.பி இருக்கே, அப்புறம் எப்படி ஷாக் அடிச்சது?' போன்ற கேள்விகளுக்கு விடை வேண்டுமென்றால், இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வோல்டேஜ், கரன்ட், ரெசிஸ்டன்ஸ். பள்ளிக்கூடத் தமிழில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. மூன்றே மூன்று!

மொட்டைமாடித் தொட்டியும் உப்பு படிந்த குழாயும்

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்கு நேர் கீழே, மேல் மாடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அதே தொட்டியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். காரணம், உயர வித்தியாசம். தண்ணீரைத் தள்ளும் இந்த அழுத்தத்தைப் போன்றதுதான் வோல்டேஜ். அதை வோல்ட் என்ற அலகால் அளக்கிறோம்.

குழாய் வழியாக ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது கரன்ட் மாதிரி. அதன் அலகு ஆம்பியர். போர் தண்ணீர் வரும் வீடுகளில் சில வருடங்களில் குழாயின் உள்பக்கம் உப்பு படிந்துவிடும். தொட்டி அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் குறைந்துவிடும். அந்த அடைப்புதான் ரெசிஸ்டன்ஸ். அதன் அலகு ஓம்.

இந்த உவமையில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீர்க் குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். மின்கம்பியை வெட்டினால் கரன்ட் காற்றில் கொட்டாது, நின்றுவிடும். போன வழியே திரும்பிவர முழுமையான பாதை இருந்தால்தான் கரன்ட் ஓடும். ஸ்விட்ச் செய்யும் வேலையே இந்தப் பாதையை இணைப்பதும் துண்டிப்பதும்தான்.

இன்னொன்று, வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் கால்களுக்கு இடையே வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை. ஆனால், தரையில் நிற்கும் மனிதர் அதே கம்பியைத் தொட்டால் கம்பிக்கும் தரைக்கும் இடையே அவர்தான் பாதை.

பூட்டு செய்பவரின் மகன் கண்டுபிடித்த விதி

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். 1827-ல் தன் ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார். தொடக்கத்தில் சொந்த நாட்டிலேயே அதற்குப் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது. பிறகு மின்தடையின் அலகுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் சொன்னது எளிமையானது. வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கரன்ட். அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எல்லோரும் படித்த ஓம் விதி இதுதான்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வோல்டேஜையும் கரன்ட்டையும் பெருக்கினால் வாட். அப்படியானால் எந்தச் சாதனத்தின் வாட்டையும் 230-ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். நம் வீட்டு ப்ளக் பாயின்ட்டில் கிடைப்பது 230 வோல்ட் என்பதால் இந்தக் கணக்கு. மொபைல் கால்குலேட்டரே போதும்.

9 வாட் எல்.இ.டி பல்ப்: 0.04 ஆம்பியர்.

75 வாட் சீலிங் ஃபேன்: 0.33 ஆம்பியர்.

1,000 வாட் அயர்ன் பாக்ஸ்: 4.3 ஆம்பியர்.

1,500 வாட் எலெக்ட்ரிக் கெட்டில்: 6.5 ஆம்பியர்.

2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அல்லது இண்டக்‌ஷன் அடுப்பு: 8.7 ஆம்பியர்.

கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் வோல்டேஜ் ஒன்றுதான். வித்தியாசம் கரன்ட்டில். ப்ளக் பாயின்ட் யாருக்கும் கரன்ட்டை 'அனுப்புவதில்லை'. அது 230 வோல்ட்டோடு காத்திருக்கிறது. எவ்வளவு எடுப்பது என்பதைச் சாதனம்தான் முடிவு செய்கிறது.

சின்ன ப்ளக், பெரிய ப்ளக் என்று இரண்டு அளவு இருப்பதும் இதனால்தான். சின்னது 6 ஆம்பியருக்கு, பெரியது 16 ஆம்பியருக்கு. ஹீட்டர் கம்பெனிக்காரர் பெரிய ப்ளக் வைத்துக் கொடுப்பது அழகுக்காக அல்ல. அதைச் சின்ன பாயின்ட்டில் செருகுவதற்காகக் கடையில் கன்வெர்ட்டர் வாங்கும்போது, 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்ட இடத்தில் 8.7 ஆம்பியரை ஓட விடுகிறோம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்ன நடக்கிறது?

கோயில் திருவிழாவில் பழைய சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்ப் போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் அப்படி. வீட்டு வயரிங் அப்படி இல்லை. ஒவ்வொரு சாதனமும் தனித்தனிக் கிளை. ஃபேன் நின்றாலும் டி.வி ஓடும். ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். ஆனால், எல்லாக் கிளைகளின் கரன்ட்டும் சேர்ந்து பொதுவான வயர் வழியாகத்தான் வர வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு பாயின்ட் இருக்கிறது. அதனால் நாலு சாதனம் போடலாம் என்று நினைக்கிறோம். பாயின்ட் நாலு, ஆனால் வயர் ஒன்று.

5 மீட்டர் நீளமுள்ள, 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொள்வோம். போக 5, திரும்பிவர 5 என மொத்தம் 10 மீட்டர். அதன் தடை சுமார் கால் ஓம்தான். கால் ஓம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். வயரில் உண்டாகும் சூட்டைக் கணக்கிட, கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, பிறகு ரெசிஸ்டன்ஸால் பெருக்க வேண்டும். இந்த 'கரன்ட் பெருக்கல் கரன்ட்' என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

அயர்ன் பாக்ஸ் மட்டும் ஓடினால் வயரில் சுமார் 5 வாட் சூடு. கையில் தொட்டால் தெரியாது. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் ஓடினால் 19 வாட். அடுப்போடு கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் மொத்தம் 15.2 ஆம்பியர், சூடு 58 வாட். அயர்ன் பாக்ஸோடு ஒப்பிட்டால் கரன்ட் மூன்றரை மடங்குதான் கூடியது. சூடு 12 மடங்கு கூடிவிட்டது!

அந்த வயரை விரித்துப் போட்டிருந்தால் சூடு காற்றில் கொஞ்சம் கலையும். சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மிதியடிக்குக் கீழே தள்ளிவைத்திருந்தால் கலைய வழியே இல்லை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த பாயின்ட்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி போடப்பட்டிருந்தால், 15.2 என்பது அதன் கணக்கில் தவறே இல்லை. அது பேசாமல் இருக்கும்.

மொபைல் சார்ஜர், டி.வி, வைஃபை ரவுட்டர் போன்றவற்றுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும். சூடாக்கும் வேலை செய்கிற எதற்கும் அது வேண்டாம். ஹீட்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன்... இவை நேராகச் சுவர் பாயின்ட்டில்தான்.

ஊர்களுக்கு இடையே மின்சாரம் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே பிரச்னைதான். கரன்ட் கூடினால் வழியெல்லாம் சூடாகவே வீணாகும். அதனால் அவர்கள் வோல்டேஜை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்துவிடுகிறார்கள். சத்தீஸ்கர் மாநிலத்தின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுள்ள மின்பாதை இருக்கிறது. அதன் இரண்டு முனைகளுக்கு இடையே 16 லட்சம் வோல்ட். அதனால் முழுத்திறனிலும் ஓட வேண்டிய கரன்ட் 3,750 ஆம்பியர்தான். இதையே நம் வீட்டு 230 வோல்ட்டில் கொண்டுவர நினைத்தால் 2.6 கோடி ஆம்பியர் தேவை. அதைத் தாங்கும் கம்பிக்கு எங்கே போவது?

கறுத்த ப்ளக் சொல்லும் செய்தி

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். பாத்ரூம் ஹீட்டரின் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரு முள் மட்டும் கறுத்து, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கிறதா?

பாயின்ட்டுக்குள் ப்ளக் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தகடு நாளாக நாளாக லூஸாகும். முழுப்பரப்பும் ஒட்டாமல், ஓரிரு புள்ளிகளில் மட்டும் ஒட்டும். கரன்ட் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த இடத்தில் புதிதாக அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

2,000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும் அல்லவா? கூடுதல் தடையால் அது சுமார் 8.5 ஆகக் குறையும். அந்த அரை ஓமில் உண்டாகும் சூடு சுமார் 36 வாட். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, உங்கள் ப்ளக்கின் ஒரு முள்ளுக்குப் பக்கத்தில், நீங்கள் குளிக்கப்போகும் ஒவ்வொரு நாளும்!

சூடு ஏற ஏற தகடு இன்னும் தளரும். மேல்பரப்பு கறுத்துத் தடை இன்னும் கூடும். தடை கூடினால் சூடும் கூடும். இது தானாக நிற்காத வட்டம்.

இதை எம்.சி.பி தடுக்குமா? தடுக்காது. கரன்ட் அளவு மீறினால் அணைவதுதான் அதன் வேலை. இங்கேயோ கரன்ட் குறைந்திருக்கிறது. எம்.சி.பி-யின் கண்ணில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கண்ணும் மூக்கும்தான். கறுத்த முள், கருகிய வாடை, ஸ்விட்ச் போர்டிலிருந்து 'சொர்' என்ற சத்தம், தொட்டால் சுடும் ப்ளக்... இவற்றில் ஒன்று இருந்தாலும் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே தளர்ந்த சாக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வயர்களை முறுக்கி, டேப் சுற்றி விடப்படும் ஜாயின்ட்டுகளுக்கும் இதே கதைதான்.

'கரன்ட் கம்மியா வருது'

இது உண்மையில் லோ வோல்டேஜ். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 610 வாட் அளவுக்குத்தான் சூடாகும். சட்டை சுருக்கம் போக நேரமாகும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் அப்படி அல்ல. கம்ப்ரஸர் மோட்டார் அதே பாரத்தைச் சுழற்றியாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால், அதை ஈடுகட்டக் கூடுதல் கரன்ட் இழுத்து, மோட்டாரின் காயில் சூடாகும். லோ வோல்டேஜ் உள்ள பகுதிகளில் ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி-க்கும் ஸ்டெபிலைசர் வைப்பது இதனால்தான்.

உங்கள் உடம்பு எத்தனை ஓம்?

கடைசியாக, நான்காவது வாக்கியம். 'ஈரக் கையோட தொடாதே.' அம்மாக்கள் சொல்வதில் ஓம் விதி அப்படியே இருக்கிறது.

மனித உடம்புக்கும் தடை உண்டு. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். ஈரமானால் வெகுவாகக் குறைந்துவிடும். ஈர உடம்பின் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடும் கரன்ட் 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர்.

இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஒரு பழைய சீலிங் ஃபேன் எடுப்பதைவிடக் குறைவு. ஆனால், சில பத்து மில்லி ஆம்பியர் உடம்புக்குள் ஓடினாலே தசைகள் இறுகிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகும், மூச்சு திணறும். அதற்கு மேல் போனால் இதயத்துடிப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் எம்.சி.பி இருக்கிறது, ஷாக் அடித்தால் அணைந்துவிடும் என்ற நம்பிக்கை. வீட்டு எம்.சி.பி-கள் 6, 10, 16 ஆம்பியர் என்ற அளவில் இருப்பவை. ஒருவர் உடம்பு வழியாக 0.23 ஆம்பியர் ஓடினால், எம்.சி.பி-யைப் பொறுத்தவரை வீட்டில் யாரோ ஒரு ஃபேன் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

எம்.சி.பி பாதுகாப்பது வயரை. மனிதரைப் பாதுகாக்க இருப்பது ஆர்.சி.சி.பி. பேஸ் வயரில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரன்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வழியில் யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கும் எல்லை உண்டு. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டு, கரன்ட் தரைக்குக் கசியாமல் நியூட்ரலிலேயே திரும்பினால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அளவு மீறிய கரன்ட்டையும் அது தடுக்காது. அதனால் இரண்டும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

இதோடு எர்த். ஹீட்டர், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் இவற்றின் உலோக உடம்பில் உள்ளே இருக்கும் பேஸ் வயர் உரசிவிட்டால், எர்த் வயர் தடை குறைந்த வழியைக் கொடுக்கும். கசியும் கரன்ட் உங்களைத் தேடாமல் அந்த வழியே போகும்; எம்.சி.பி அல்லது ஆர்.சி.சி.பி அணைந்துவிடும். மூன்று முள் ப்ளக்கில் மேலே உள்ள முள் நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக அந்த நீளம். அதை உடைத்துவிட்டு இரண்டு முள் பாயின்ட்டில் செருகினால், பாதுகாப்பைத்தான் உடைத்துப் போடுகிறோம்.

இன்றைக்கு ஒரு பத்து நிமிடம்...

உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கிறதா? இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. அழுத்தினால் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. அப்படி ஒரு பட்டனே இல்லையென்றால், அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வரும்போது முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பழைய ஃப்யூஸ் கட்டை உள்ள வீடுகளில், அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. ஃப்யூஸ் கம்பி உருகித்தான் வயரைக் காப்பாற்ற வேண்டும். அது உருகாவிட்டால், வயர் உருகும்.

துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டாதீர்கள். அதை மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயர் உரசும் இடத்திலோ கட்டவே கூடாது. நைலான் கயிறு போதும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். உங்கள் உடம்பும் அதே பாதையில் சேர்ந்துவிடும். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் உடனே சி.பி.ஆர் தொடங்க வேண்டும். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி என்றால், குச்சியால்கூடத் தொட வேண்டாம். மற்றவர்களையும் விலக்கி நிறுத்திவிட்டு, தமிழ்நாடு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மெயின் போர்டைப் பார்த்து முடித்த கையோடு, ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த ப்ளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். முள் பளபளப்பாக இருந்தால் நிம்மதி. கறுத்திருந்தால், நாளைக் காலை வெந்நீரை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.